களத்துக்குள் சொல்லக்கூடாத சொல்

புஞ்சிராளவை ஏமாற்றுவதற்குப் பெரிய மூளை ஒன்றும் வேண்டியதில்லை. அந்த மனுஷனின் வாயில் "இல்லை" என்ற சொல் வராது என்று தெரிந்திருந்தால் போதும். அது ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மண்வெட்டி கேட்டால் கொடுப்பார், மாடு கேட்டால் கொடுப்பார், கொடுக்க ஒன்றும் கையில் இல்லாவிட்டால் "நாளைக்கு வாங்களேன், பார்ப்போம்" என்பார். ஆனால் அந்தக் குணத்தை வைத்தே அவர் கழுத்தை அறுக்கலாம் என்று கண்டுபிடித்தவன் ஊரான் இல்லை, கூடப்பிறந்த அண்ணன் முத்துபண்டா. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை.

நான் உடப்புக்காரி, கடற்கரைத் தமிழ் ஊர். என் புருஷன் சைக்கிளில் கருவாடு கட்டிக்கொண்டு நிக்கவெரட்டியப் பக்கத்துச் சிங்கள ஊர்களில் விற்றுத் திரிந்து, கடைசியில் இந்த ஊர்க் குளக்கட்டடியில் ஒரு தேநீர்க் கடை போட்டார். கல்யாணம் முடித்த கையோடு என்னையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். வந்த புதிதில் எனக்குச் சிங்களம் அரைகுறை. இருந்த அரைகுறையை வைத்துக்கொண்டே முதல் கிழமையிலேயே புஞ்சிராளவோடு மல்லுக்கு நின்றேன்.

அவர் பிளேன்டீ கேட்டார். "சீனி முடிஞ்சு போச்சு அண்ணே. கருப்பட்டி தரட்டா?" என்று கேட்டேன்.

மனுஷன் பாம்பை மிதித்தவர் மாதிரி எழும்பினார். "ஐயோ தங்கச்சி, கடையில நின்னு அப்படிச் சொல்லாதீங்க. கூடிப்போச்சுன்னு சொல்லுங்க."

"என்ன கூடிப்போச்சு?"

"சீனி."

"இல்லாத சீனி எப்படி அண்ணே கூடும்? உங்களுக்குக் கழண்டு போச்சா, எனக்குக் கழண்டு போச்சா?"

கடையில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் நான் "சரி, சீனி கூடிப்போச்சு, போதுமா?" என்று சொல்லும்வரைக்கும் பிளேன்டீயைத் தொடவில்லை.

பிறகுதான் பார்த்தேன், அந்த ஊர்ப் பெண்களும் அப்படித்தான் பேசினார்கள். பானையில் அரிசி ஒரு மணி கிடையாது, "அரிசி கூடிப்போச்சு" என்று அடுத்த வீட்டில் வந்து நிற்பார்கள். பிள்ளைக்கு அம்மை போட்டால் நோயின் பெயரைச் சொல்லாமல் "தெய்வத்தின் வருத்தம்" என்பார்கள். நமக்கும் இது புதிதில்லையே. என் அம்மா விளக்கை அணை என்று ஒருநாளும் சொன்னதில்லை, குளிரவை என்றுதான் சொல்லுவா. இந்தப் பேச்செல்லாம் எங்கிருந்து அடுப்படிக்கு வந்தது என்று ஒருநாள் புஞ்சிராளவிடம் கேட்டேன். "களத்துல இருந்து தங்கச்சி, வேற எங்க இருந்து?" என்றார்.

களம் என்றால் சூடு மிதிக்கிற களம், வெட்டிக் குவித்த நெற்கதிரை எருமை விட்டு மிதிக்கிற இடம். குளத்துக்குக் கீழே, வயல்கள் முடிகிற மேட்டில், சாணம் போட்டு மெழுகிச் சாம்பலால் வட்டம் கீறி வைத்திருப்பார்கள். வட்டத்துக்குள் செருப்புப் போகக்கூடாது, பெண்கள் போகக்கூடாது, வீட்டுப் பேச்சும் போகக்கூடாது. எருமைக்கு அங்கே அம்பருவா என்று பெயர். நெல்லுக்கு வேறு பெயர், சுளகுக்கு வேறு பெயர். முடிந்தது, குறைந்தது என்ற பேச்சே கிடையாது. எல்லாவற்றையும்விட, "இல்லை" என்ற சொல் அங்கே கூடவே கூடாது. அந்தச் சொல்லுக்குக் காத்துக்கொண்டு வட்டத்துக்கு வெளியே பேய்கள் குந்தியிருக்குமாம். ஒருவன் "இல்லை" என்றால், "அப்ப சரி, இல்லை" என்று குவித்த நெல்லை, அதாவது பொலியை, அள்ளிக்கொண்டு போய்விடுமாம். ஒருத்தனுடைய பொலியை மட்டும் இல்லை, அந்தக் களத்தில் சூடு மிதிக்கிற அத்தனை பேருடைய பொலியையும்.

புஞ்சிராளதான் அந்தக் களத்தின் குரல். சின்ன வயதிலிருந்தே நல்ல சாரீரம். எருமைகள் சுற்றும்போது நெல் பெருகட்டும் என்று அவர் பொலி பாடினால், குளக்கட்டில் நிற்கிற எனக்கு மயிர் கூச்செறியும். களத்துச் சொல் ஒன்று பிசகாமல் வரவேண்டும் என்பதற்காக வீட்டிலும் அதையே பேசிப் பேசி, மனுஷன் களத்தை விட்டு வெளியே வரத் தெரியாதவர் ஆகிவிட்டார். அவர் பெண்சாதி சுதுமெனிக்கா கடைக்கு வந்து தலையில் அடித்துக்கொள்ளுவாள். "புளி இருக்கான்னு கேட்டா இருக்குன்னு சொல்ல மாட்டாரு, மத்ததையும் சொல்ல மாட்டாரு அக்கா. 'பானையைப் பாரு'ன்னு சொல்லுவாரு. இந்த ஆளோட நான் எப்படிக் குடும்பம் நடத்துறது?"

அவருக்கு இருந்தது இரண்டு பெண்பிள்ளைகள், ஒரு வீடு, அண்ணனோடு சேர்ந்த ஒரு வயல். அந்த வயலைப் பிரிக்கவில்லை. அங்கே வழக்கம் அப்படித்தான், பிரித்தால் ஆளுக்கு ஒரு பாய் விரிக்கிற இடம்தான் வரும். அதனால் ஒரு வருஷம் அண்ணன் விதைப்பான், மறு வருஷம் தம்பி விதைப்பார். தகப்பன் செத்ததிலிருந்து இந்த முறைமாறல் ஒழுங்காக நடந்தது. தன் முறை இல்லாத வருஷத்தில் புஞ்சிராள கூலிக்குப் போவார், காடு வெட்டி எரித்த சேனையில் குரக்கன் தானியம் போடுவார். முறை வருகிற வருஷத்தில்தான் அந்த வீட்டில் வயிறாரச் சோறு. அந்த ஒரு வயல் போனால் அந்தக் குடும்பம் போனது, வேறு பேச்சே இல்லை.

முத்துபண்டாவைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டு முதன்முதல் களத்துக்குக் கொண்டுபோனவனே அவன்தான். தகப்பன் இல்லாத வீட்டில் தம்பிக்குச் சோறு வைத்துவிட்டுத்தான் தான் தின்பானாம். புஞ்சிராள இதைக் கடையில் எத்தனை தரம் சொல்லியிருப்பார்! அப்படிப்பட்டவன் எங்கிருந்தோ ஒரு டிராக்டரைக் கொண்டுவந்து இறக்கினான். ஊரில் அதுதான் முதல் டிராக்டர். மழை விழுந்ததும் எல்லோரும் அவன் வாசலில் போய் நின்றார்கள். "என்ட வயலை முதல்ல உழுது குடுங்க அண்ணே" என்று கும்பிட்டார்கள். அதோடு அவன் நடை மாறியது, பேச்சு மாறியது. மகனுக்கும் கல்யாண வயது வந்துவிட்டது.

அந்த வருஷத்துப் பெரும்போகம், மழைக்கால விதைப்பு, முத்துபண்டாவின் முறை. சூடு மிதித்த அன்று பின்னேரம் நானும் என் புருஷனும் பெரிய கேத்தலில் தேத்தண்ணீர் கொண்டுபோனோம். புருஷன் கேத்தலோடு உள்ளே போனார். நான் வேலியடியில் நின்றேன். எருமைகளை ஓட்டி முடித்து, பொலியைத் தூற்றிக் குவித்திருந்தார்கள். நல்ல விளைச்சல், குவியல் ஆள் உயரத்துக்கு நின்றது. குளத்துத் தண்ணீரைப் பங்கிடுகிற வட்டவிதானையும் இருந்தார், ஊர்க் கமக்காரர் அத்தனை பேரும் இருந்தார்கள். புஞ்சிராள குவியலுக்குப் பக்கத்தில் கை கூப்பிக்கொண்டு நின்றார்.

அப்போது முத்துபண்டா வெற்றிலையை மென்றுகொண்டே, ஏதோ நல்ல செய்தி சொல்கிறவன் மாதிரி, எல்லோருக்கும் கேட்கச் சொன்னான்:

"எல்லாரும் சந்தோஷப்படணும். என்ட தம்பி தன்ட முறைய என்ட மகனுக்கு மனசார விட்டுக் குடுத்துட்டான். வாற வருஷத்துல இருந்து வயல் எங்கட கையிலதான். அப்படித்தானே தம்பி?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு புஞ்சிராளவின் முகத்தைப் பார்த்தேன். அது வெளிறிப்போயிருந்தது. வாய் திறந்தது, மூடியது. அவர் அண்ணனைப் பார்த்தார், குவியலைப் பார்த்தார், சுற்றி நிற்கிறவர்களைப் பார்த்தார். பக்கத்திலேயே மற்றவர்களுடைய சூடுகள் மிதிபடாமல் காத்துக் கிடந்தன. அத்தனை பேருடைய சோறும் அந்த வட்டத்துக்குள் இருந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை.

"பார்த்தீங்களா, தம்பிக்கு முழுச் சம்மதம்" என்றான் முத்துபண்டா. வட்டவிதானை தலையை ஆட்டினார்.

பொலியை அளந்து, மூட்டை கட்டி, கடைசி மூட்டை களத்தை விட்டு வெளியேறும்வரைக்கும் புஞ்சிராள பொறுத்திருந்தார். பாட்டையும் பாடி முடித்தார். அதற்குப் பிறகு வட்டத்தைத் தாண்டி வெளியே வந்தார். வந்ததும் வராததுமாய் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, நான் அப்படிக் குடுக்கல்லியே. ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"இப்ப வந்து சொல்றியா? அங்க நின்னு கேட்டேன்தானே. ஊரே கேட்டுது. நீ வாயத் திறந்தியா?"

"அங்க நின்னு எப்படி அண்ணே சொல்றது?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. உனக்கு இருக்கிறது ரெண்டும் பொம்பிளப் பிள்ளை. நாளைக்கு எவனோ கொண்டு போகப் போற வயலுக்கு ஏன்டா அடம் பிடிக்கிற? கையை விடு."

கையை உதறிக்கொண்டு போய்விட்டான். நான் வேலியடியில் நின்று கத்தினேன். "அடப் பாவி, சொந்தத் தம்பிடா அது! நீயெல்லாம் சோறுதான் திங்கிறியா?" என்று கேட்டேன். என் புருஷன் என் வாயைப் பொத்தி வீட்டுக்கு இழுத்துக்கொண்டு வந்தார். "இங்க பிழைக்க வந்தவங்க நாம, சண்டை பிடிக்க வரல்ல" என்று வழி முழுக்கப் புத்தி சொன்னார்.

வயல் முறையைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் விசாரணை வைத்தார்கள். டவுனிலிருந்து காற்சட்டை போட்ட ஒரு ஐயா வந்திருந்தார். ஊரே போய் நின்றது. நான் கடையை அடைத்துவிட்டுப் போனேன். அந்த ஐயா ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார். "முத்துபண்டா சொன்னது உங்களுக்குக் கேட்டுதா?" "கேட்டுது." "புஞ்சிராள மறுத்தாரா?" "மறுக்கல்ல ஐயா."

பொய் இல்லைதானே? ஒருத்தனும் பொய் சொல்லவில்லை. ஏன் மறுக்கவில்லை என்பதை மட்டும் ஒருத்தனும் சொல்லவில்லை. அங்கே நின்ற ஒவ்வொருவனும் அந்தக் களத்தில் பிறந்து வளர்ந்தவன். ஆனால் அடுத்த மழைக்கு எல்லோருக்கும் டிராக்டர் வேண்டும். புஞ்சிராள ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவரிடம் மண்வெட்டி வாங்கியவர்கள், மாடு வாங்கியவர்கள், அவர் பாடிய பொலியைத் தின்றவர்கள் எல்லோரும் நிலத்தைப் பார்த்தார்கள்.

கடைசியில் அவரே எழும்பிச் சொன்னார். "ஐயா, களத்துல நின்னு அந்த வார்த்தை சொல்லக் கூடாது. சொன்னா எல்லார்ட பொலியும் போயிரும். அதுதான் நான் பேசல்ல."

டவுன் ஐயா வட்டவிதானையைத் திரும்பிப் பார்த்தார். "அப்படி ஒரு வழக்கம் இருக்கா?"

வட்டவிதானை தொண்டையைச் செருமினார். "அதெல்லாம் அந்தக் காலத்துப் பேச்சு ஐயா. இப்ப யாரு பார்க்கிறாங்க?"

எனக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, விதானை சொல்றது பச்சைப் பொய். இவங்க வீட்டில சீனி முடிஞ்சாக்கூட முடிஞ்சுதுன்னு சொல்ல மாட்டாங்க" என்று எழும்பினேன். "உடப்புக்காரிக்கு எங்கட களத்தைப் பத்தி என்ன தெரியும்? இருங்க அக்கா" என்று பின்னாலிருந்து ஒருத்தன் சொன்னான். அவன் என் கடையில் தினமும் ஆப்பம் தின்கிறவன். அதோடு விசாரணை முடிந்தது. முறை அண்ணன் கைக்குப் போனது.

அன்றைக்குப் பிறகு புஞ்சிராள கடைக்கு வந்தாலும் பேசுவது குறைவு. ஒருநாள் மட்டும், யாரும் இல்லாத நேரம் பார்த்து, "அண்ணன் செஞ்சதை விடுங்க தங்கச்சி. அண்ணனுக்கு ஆசை. மத்தவங்களுக்கு நான் என்ன செஞ்சேன்?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்த பெரும்போகம் வந்தது. நியாயமாக அது புஞ்சிராளவின் முறை. முத்துபண்டாவின் மகன் விதைத்தான், வெட்டினான், சூடு வைத்தான். புஞ்சிராளவின் இரண்டு பிள்ளைகளும் அதே வயலில் கூலிக்கு நெற்கதிர் அருவி வெட்டினார்கள். சூடு மிதிக்கிற நேரம் வந்தபோதுதான் ஊருக்குக் குரல் ஞாபகம் வந்தது. டிராக்டர் உழும், பொலி பாடுமா? வேறு ஒருவனை வைத்துப் பாடிப் பார்த்தார்கள். அவன் பாதியில் சொல் தெரியாமல் விழித்தான், எருமைகள் வட்டத்தை உடைத்துக்கொண்டு ஓடின. எல்லோருக்கும் பயம் பிடித்துவிட்டது.

வட்டவிதானையே வெற்றிலை அடுக்கோடு என் கடைக்கு வந்தார். புஞ்சிராள வாங்குப் பலகையில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, நீ வராட்டிச் சரிவராது. ஊருக்காக வா."

நான் விடுவேனா? "ஏன் விதானை ஐயா, அதெல்லாம் அந்தக் காலத்துப் பேச்சுன்னு சொன்னீங்களே? இப்ப யாரு பார்க்கிறாங்க? நீங்களே போய்ப் பாடுங்களேன்" என்றேன்.

அவர் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. வெற்றிலையை இரண்டு கையாலும் நீட்டினார். வெற்றிலை நீட்டினால் தட்டக்கூடாது. புஞ்சிராள வாங்கிக்கொண்டார்.

விதானை போனபிறகு நான் புஞ்சிராளவைப் பிடிபிடியென்று பிடித்தேன். "நீங்க என்ன மனுஷனா, மரமா? உங்கட சோத்தைப் பறிச்சவனுக்கே போய்ப் பாடப் போறீங்களா? சூடு சுரணை வேணாமா அண்ணே?"

"பொலி என்ன பாவம் செஞ்சுது தங்கச்சி?" என்றார். வேறொன்றும் சொல்லாமல் எழும்பிப் போனார்.

அன்றைக்கும் பின்னேரம் நான் வேலியடியில் நின்றேன். அவர் பாடினார். ஒரு சொல் பிசகவில்லை, குரல் கொஞ்சமும் உடையவில்லை. எருமைகள் சொன்னபடி சுற்றின. தூற்றிக் குவித்தார்கள். குவித்து முடிந்ததும் வயல்காரன் பொலி பாடுகிறவரைப் பார்த்து "நிறைஞ்சுதா?" என்று கேட்கவேண்டும், அவர் "நிறைஞ்சுது" என்று சொல்லவேண்டும். மூன்று தரம். அதற்குப் பிறகுதான் அளப்பது.

முத்துபண்டா மகனைத் தள்ளிவிட்டுத் தானே முன்னுக்கு வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"நிறைஞ்சுதா தம்பி?"

"நிறைஞ்சுது."

"நிறைஞ்சுதா?"

"நிறைஞ்சுது."

"நிறைஞ்சுதா?"

புஞ்சிராள அண்ணனின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"இல்ல" என்றார்.

மெதுவாகத்தான் சொன்னார். ஆனாலும் வேலியடியில் நின்ற எனக்கே கேட்டது. முத்துபண்டாவின் கையிலிருந்த சுளகு விழுந்தது. ஒரே பாய்ச்சலில் பாய்ந்து தம்பியின் வாயை இரண்டு கையாலும் பொத்தினான்.

"வாயை மூடடா! களத்துல நின்னு அந்த வார்த்தையச் சொல்றியா? உனக்குப் பைத்தியமா? எல்லாத்தையும் அழிக்கப் போறியா?"

புஞ்சிராள அவன் கைகளை மெல்ல எடுத்துவிட்டார்.

"சொல்லக் கூடாதா அண்ணே?"

"சொல்லக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதாடா?"

"எனக்குத் தெரியும். அப்ப போன வருஷம் நீங்க கேட்டப்ப நான் என்னத்தைச் சொல்லியிருக்கணும்?"

முத்துபண்டா அப்படியே நின்றான். வட்டவிதானை இரண்டு காதையும் பொத்திக்கொண்டு குனிந்து நின்றார். புஞ்சிராள அவர் பக்கம் திரும்பினார்.

"கையை எடுங்க விதானை ஐயா. அந்தக் காலத்துப் பேச்சுத்தானே" என்றார்.

அதற்குப் பிறகு வட்டத்தைத் தாண்டி, வேலியைத் தாண்டி, என்னையும் தாண்டிப் போனார். "அண்ணே" என்று கூப்பிட்டேன். அவர் முகத்தைப் பார்த்தேன். வென்றவன் முகம் இல்லை அது. தகப்பனுக்குக் கொள்ளி வைத்துவிட்டு வருகிறவனுடைய முகம்.

அத்தோடு வயலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இரண்டு நாள் ஊரில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் திரிந்தார்கள். மூன்றாம் நாள் யாரோ ஒருவருடைய பொலி அளக்கும்போது குறைந்தது. அவ்வளவுதான், ஊரே ஒரே குரலில் பேச ஆரம்பித்துவிட்டது. "புஞ்சிராள களத்தை நாசமாக்கிட்டான்." "பாடுறவனே இப்படிச் செய்யலாமா?" என் வாங்கில் இருந்து, என் தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டே சொன்னார்கள். நான் கோப்பையைப் பிடுங்கி வெளியே ஊற்றினேன். அதோடு அந்த வாங்கு பாதி காலியாகிவிட்டது. என் புருஷன் ஒரு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

யாரும் அவரைப் பாடக் கூப்பிடவில்லை. அவரும் பாடவில்லை.

மழை பிந்திய ஒரு வருஷம், காலையில் கடை திறந்து அடுப்புப் பற்ற வைத்துக்கொண்டிருந்தேன். புஞ்சிராள ஒரு சின்னப் பையோடு வந்து வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

"என்ன அண்ணே, வெள்ளனவே? பிளேன்டீ போடட்டா?"

"வேணாம் தங்கச்சி." பையைச் சுருட்டிப் பிடித்தார். "வீட்டில அரிசி இல்ல."

களத்தில் அந்த ஒரு தரத்தைத் தவிர, இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதேயில்லை.

"ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க அண்ணே" என்று பதறிப்போய்ச் சொன்னேன். "கூடிப்போச்சுன்னு சொல்லுங்க. அரிசி கூடிப்போச்சுன்னு சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார். கோபம் ஒன்றும் இல்லை, சின்னப் பிள்ளையைப் பார்க்கிற மாதிரித்தான் பார்த்தார்.

"இல்ல தங்கச்சி" என்றார். பையை விரித்துப் பிடித்தார்.

நான் அரிசியை அளக்காமல் அள்ளி அள்ளிப் போட்டேன்.